பிடுங்க ஒரு நொடி, கொடுக்க எத்தனை நாள்?

(மாதேஸ்வரன் மலையில் நடைபெற்ற நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொள்ளேகாலம் பக்கத்துக் கல் குவாரிகளிலிருந்து அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மைசூரிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்திருக்கிறீர்கள். மேட்டூரில் பஸ் ஏறி, பாலாறு வழியாக மலையேறி வந்த உறவுக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். மாதேஸ்வரனைக் கும்பிட வந்த கையோடு கூட்டத்துக்கும் வந்த அத்தனை பேருக்கும் சங்கத்தின் வணக்கம்.

இன்று நாம் பேசப்போவது வீட்டுச் சுவரில் தொங்குகிற மின்சார மீட்டரைப் பற்றி. "இதைக் கேட்கவா மலைக்கு வந்தோம்" என்று சிலர் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்த விஷயத்தைப் பேசுவதற்கு இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

காவிரியின் மேற்பக்கத்தில் சிவசமுத்திரம் இருக்கிறது. அங்கே 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்தார்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கிய உழைப்பாளிகளில் பெரும் பகுதியினர் தமிழ் மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். கீழ்ப்பக்கம் பாருங்கள். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை. அங்கே நீர் மின்சாரமும் உண்டு, அனல் மின்சாரமும் உண்டு. மேலே ஒரு மின் நிலையம், கீழே ஒரு மின் நிலையம், நடுவில் இந்த மலை.

இந்த மலையடிவாரத்து ஊர்களின் கதை என்ன? 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற இண்டிகநத்தம் மக்கள், சாலையும் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் ஓட்டுப் போடமாட்டோம் என்று நின்றார்கள். அது கைகலப்பாகி, வாக்குச்சாவடி உடைந்தது. 29-ஆம் தேதி மறு வாக்குப்பதிவு நடந்தது. வாக்கு இயந்திரத்தை உடைப்பது நம் வழியல்ல. ஆனால் 1902-க்கும் 2024-க்கும் இடையே 122 ஆண்டுகள். அடுத்த வருடமே, 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி, கர்நாடக அமைச்சரவை இந்த மலைக்கே வந்து கூட்டம் போட்டது. மலை மக்களின் குறை அரசாங்கத்தின் காதுக்கு எட்டவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறோம்? கம்பி வருவதற்கு நூறு வருடம் காக்க வைத்தவர்கள், இப்போது கம்பியைத் துண்டிப்பதற்கு ஒரு நொடி போதும் என்கிற கருவியைக் கொண்டுவருகிறார்கள். அதன் பெயர்தான் ஸ்மார்ட் மீட்டர்.

நாம் யார் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். இந்தக் கொள்ளேகாலம் தாலுகா 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததால் இந்தப் பக்கம் ஆனவர்கள் சிலர். பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவர்கள் பலர். கன்னடச் சகோதரர்களும் சோலிகர் குடிகளும் நம்மோடு இதே கல்லை உடைக்கிறார்கள், இதே இருட்டில் படுக்கிறார்கள். ஆகவே இது தமிழர்களுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவனுக்கும், உள்ளூர் மொழி எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது இரண்டு மடங்கு பிரச்சினை.

மீட்டர் என்பது ஒரு தராசு

ரயில்வே பார்சல் ஆபீசில் ஓர் எடை இயந்திரம் உண்டு. அதில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை நடக்கும், முத்திரை விழும். முத்திரை இல்லாத எடையை நம்பிக் கட்டணம் கேட்டால் வியாபாரி சண்டைக்கு வருவான். ரேஷன் கடைத் தராசும் அப்படித்தான். மின்சார மீட்டரும் ஒரு தராசுதான். அந்தத் தராசு விற்கிறவன் கையில் இருக்கிறது, வாங்குகிற நமக்கு அதைத் தொடக்கூட உரிமை இல்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, சரியான மீட்டர் மூலமாகத்தான் மின்சாரம் தரவேண்டும் என்கிறது. "சரியான" என்ற அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய மீட்டர் எண்ணிக்கையை மட்டும் காட்டும். மாதம் ஒருமுறை ஆள் வந்து குறித்துக்கொண்டு போவார். புதிய மீட்டருக்கு வாயும் உண்டு, காதும் உண்டு, கையும் உண்டு. எவ்வளவு செலவானது என்பதை அரை மணிக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவான இடைவெளியிலோ பதிந்து, செல்போன் அலை மூலமாகவோ வேறு ரேடியோ அலை மூலமாகவோ தலைமையிடத்துக்குச் சொல்லும். அங்கிருந்து வரும் கட்டளையைக் கேட்கும். உள்ளே இருக்கிற சுவிட்சால், யாரும் வீட்டு வாசலுக்கு வராமலே, மின்சாரத்தை நிறுத்தும், திரும்பக் கொடுக்கும்.

ஒன்றிய அரசு 2021-இல் ஒரு பெரிய திட்டம் போட்டது. நாடு முழுவதும் 25 கோடி முன்பண ஸ்மார்ட் மீட்டர்களை 2025 மார்ச்சுக்குள் மாட்டிவிடுவோம் என்றது. அந்தக் கெடு தாண்டிப் போய்விட்டது, வேலை முடியவில்லை. பல மாநிலங்களில் மீட்டர் மாட்டுவதும், பத்து வருடம் பராமரிப்பதும் தனியார் நிறுவனங்களின் ஒப்பந்த வேலை. நம் மைசூர் நகரத்தில், சாமுண்டேஸ்வரி மின் விநியோகக் கழகம் பத்தாண்டுக்கு முன்பே இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. பெங்களூர்க் கழகம் 2025 பிப்ரவரி 15 முதல் புதிய இணைப்புக்கும் தற்காலிக இணைப்புக்கும் இதைக் கட்டாயம் ஆக்கியது. ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிய ஒருமுனை மீட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய் மீட்டர் என்றதும், சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் வழக்கும் வாதமும் எழுந்தன.

நல்லதையும் சொல்லுவோம்

எதிர்ப்பதற்காகவே எதிர்ப்பது நம் சங்கத்தின் பழக்கம் அல்ல. இந்த மீட்டரில் நமக்கு நன்மையும் உண்டு. கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதி, சராசரி போட்டு பில் கொடுக்கிறார்களே, அது இனி நடக்காது. மலை ஊருக்கு ஆள் ஏறி வந்து ரீடிங் எடுக்க வேண்டியதில்லை. கரண்ட் போனால், நாம் போன் செய்வதற்கு முன்பே ஆபீசுக்குத் தெரிந்துவிடும். முன்பண மீட்டர் என்றால் வைப்புத்தொகை கேட்கக்கூடாது என்று சட்டத்தின் 47-ஆம் பிரிவே சொல்கிறது. ஊர் விட்டு ஊர் மாறுகிற நமக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எனவே நாம் கேட்பது மீட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பது அல்ல. அது கெட்டால் எத்தனை நாளில் மாற்றுவீர்கள்? தப்பாக ஓடினால் எத்தனை நாளில் சோதிப்பீர்கள்? தப்பாகத் துண்டித்தால் எத்தனை நிமிடத்தில் திரும்பக் கொடுப்பீர்கள்? சொன்ன நாளில் செய்யாவிட்டால் எங்களுக்கு என்ன கொடுப்பீர்கள்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வேண்டும். இதற்குத்தான் குறைந்தபட்சச் சேவைத் தரம் என்று பெயர். குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் இருப்பதுபோல, இது குறைந்தபட்சச் சேவை.

அந்தப் பதினைந்து நாள்

பழைய முறையில் பில் கட்டாவிட்டால் லைன்மேன் வந்து பீஸைப் பிடுங்குவார். ஆனால் அதற்கு முன்னால் 15 முழு நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 56-ஆம் பிரிவு கூறுகிறது. பில்லே தப்பு என்று நாம் வாதாடினால், கேட்ட தொகையையோ அல்லது கடந்த ஆறு மாதச் சராசரியையோ ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால் போதும், வழக்குத் தீரும் வரை துண்டிக்கக்கூடாது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

பதினைந்து நாள் என்பது ஆபீசில் இருப்பவருக்கு ஒரு தேதி. கூலிக்காரனுக்கு அது இரண்டு வாரச் சம்பளம். மேஸ்திரியிடம் முன்பணம் கேட்கலாம், தோட்டைக் கழற்றி அடகு வைக்கலாம், ஊரிலிருந்து அண்ணன் அனுப்புவதற்குக் காத்திருக்கலாம். முன்பண மீட்டரில் என்ன ஆகிறது? அங்கே கடன் பாக்கி என்ற பேச்சே இல்லை. பாக்கி இல்லை என்றால் நோட்டீசும் இல்லை. கையிருப்பு பூஜ்யத்துக்குப் போனால் கட்டளை வரும், விளக்கு அணையும். நாம் போராடிப் பெற்ற பதினைந்து நாள் ஒரு நொடியில் காணாமல் போகிறது.

இது வெறும் பயம் என்று நினைக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜயந்தி நாள். உத்தரப் பிரதேசத்தில் தலைமையிடத்திலிருந்து போன ஒரு தவறான கட்டளையால் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. பணம் கட்டியவன், கட்டாதவன் என்ற பேதமே இல்லை. லைன்மேன் தப்புச் செய்தால் ஒரு வீடு இருளும். இந்த இயந்திரம் தப்புச் செய்தால் ஒரு மாநிலமே இருளும். பிறகு விசாரணை வைத்தார்கள். ஆனால் அந்தத் திருவிழா ராத்திரியை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையும் உண்டு. இந்த மாவட்டத்தில் அல்ல, வேறொரு ஊரில். மீட்டர் மாற்றிய அடுத்த மாதம் பில் மூன்று மடங்காக வந்தது. வீட்டில் இருந்தது இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டி.வி. மூன்று முறை மனு கொடுத்தார்கள். "மீட்டர் பொய் சொல்லாது" என்று பதில் வந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லைதான். அடுத்த வீட்டு மீட்டரின் எண்ணை இவர்கள் கணக்கில் பதிந்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் அந்தத் தாய் வட்டிக்கு வாங்கிப் பில் கட்டினாள். பில் தொகை கணக்கில் திரும்பி வந்தது. வட்டி திரும்பி வரவில்லை.

சட்டத்தில் ஏற்கெனவே இருப்பது

நமக்கு ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004-லேயே தரநிலைகள் வகுத்தது. கிராமத்தில் பீஸ் போனால் 24 மணி நேரம், டிரான்ஸ்பார்மர் கெட்டால் 72 மணி நேரம் என்று கெடு வைத்தது. ஒன்றிய அரசு 2020 டிசம்பர் 31-இல் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. 2024-இல் அதைத் திருத்தினார்கள். இரண்டு விஷயங்களை மட்டும் மனத்தில் வையுங்கள்.

ஒன்று, மீட்டர் ரீடிங் தப்பு என்று நாம் புகார் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் மாட்ட வேண்டும். குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது சலுகை அல்ல, விதி. 2024 மே மாதம் குஜராத்தில் வதோதரா மக்கள் தெருவுக்கு வந்து கூச்சல் போட்ட பிறகு, அங்கே ஸ்மார்ட் மீட்டருக்குப் பக்கத்தில் சோதனை மீட்டர் வைக்கிறோம் என்று அறிவித்தார்கள். கூச்சல் போடாமலே கிடைக்க வேண்டியது அது.

இரண்டு, புது இணைப்பு. பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகரங்களில் 7 நாள், கிராமத்தில் 15 நாள். ஆனால் மலைப்பாங்கான கிராமம் என்றால் 30 நாள். மலை என்றால் தாமதம் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பம் நடுவதற்கு மலையில் நாளாகும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் துண்டிப்பதற்கு மலைக்கு வேறு நேரம், நகரத்துக்கு வேறு நேரம் உண்டா? இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே நொடிதான்.

போட்டி வந்தால் சரியாகிவிடுமா?

"பல கம்பெனிகள் வரட்டும், போட்டி வந்தால் சேவை தானாக மேம்படும்" என்று சொல்கிறார்கள். ஒரே ஊரில், ஒரே கம்பி வழியாக, பல நிறுவனங்கள் மின்சாரம் விற்கலாம் என்ற திருத்த மசோதாவை 2022 ஆகஸ்ட் 8-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். மின்சார ஊழியர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். அது நிலைக்குழுவுக்குப் போய், அந்த மக்களவையோடு காலாவதியாயிற்று. 2025 அக்டோபரில் அதே எண்ணத்தோடு புதிய வரைவு ஒன்றை ஒன்றிய மின்துறை வெளியிட்டது. அது எந்த வடிவத்தில் வந்தாலும், நாம் அனுபவத்திலிருந்து பேசுவோம்.

முதல் அனுபவம் பம்பாய். நம் மக்கள் லட்சக்கணக்கில் வாழ்கிற நகரம். அதன் புறநகர்ப் பகுதிகளில் 2009 முதல், வீட்டுக்காரர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறலாம் என்று வந்தது. அதிகமாகச் செலவு செய்கிற பெரிய வீடுகளையும் கடைகளையும் பொறுக்கி எடுக்கிற போக்குத் தலைதூக்கியது. கடைசியில் மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் 2012 ஆகஸ்டில் தலையிட வேண்டி வந்தது. மாதம் 300 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளைத்தான் ஓராண்டுக்குப் புதிதாகச் சேர்க்கலாம் என்று கட்டளையிட்டது. இதன் பொருள் என்ன? போட்டிச் சந்தையில் எல்லோரும் ஓடி வருவது பணம் உள்ள வீட்டு வாசலுக்கு. இரண்டு விளக்கு வீட்டின் வாசலுக்கு யாரும் ஓடி வருவதில்லை.

இரண்டாவது அனுபவம் ஆஸ்திரேலியா. அது பணக்கார நாடு, படித்த நாடு. அங்கே 2017 டிசம்பர் 1 முதல், பல மாநிலங்களில் மீட்டர் மாட்டும் வேலையைப் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். அதுவரை கம்பி வைத்திருந்த கம்பெனியே மீட்டருக்கும் பொறுப்பு. அதன் பிறகு மின்சாரம் விற்பவர் ஒருவர், மீட்டர் மாட்டுபவர் ஒருவர், கம்பி வைத்திருப்பவர் ஒருவர். என்ன நடந்தது? புது வீடு கட்டியவன் வாரக்கணக்கில் மீட்டருக்காகக் காத்துக் கிடந்தான். இவரைக் கேட்டால் அவர் என்றார், அவரைக் கேட்டால் இவர் என்றார். புகார்கள் குவிந்தன. ஏறத்தாழ ஒரு வருடத்திலேயே, 2018 டிசம்பரில், விதி எழுத வேண்டியதாயிற்று. புது இணைப்புக்கு மீட்டர் 6 வேலை நாளில், கெட்டுப்போன மீட்டர் மாற்ற 15 வேலை நாள் என்று கெடு வைத்தார்கள். மீட்டர் குறைந்தபட்சம் என்னென்ன செய்யவேண்டும் என்பதையும், தொலைவிலிருந்து துண்டிப்பது, திரும்ப இணைப்பது, கேட்டபோது ரீடிங் தருவது என்று ஆறு சேவைகளாக எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் கெடுவை முதலில் எழுதாமல் போட்டியை முதலில் திறந்தார்கள். கஷ்டப்பட்டவன் வீட்டுக்காரன்.

மூன்றாவது, இங்கிலாந்து. அங்கே பாக்கி வைத்த ஏழைகளின் வீட்டில் பலவந்தமாக முன்பண மீட்டர் மாட்டினார்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்த வீட்டில் ஒரு பட்டனைத் தட்டி முன்பண முறைக்கு மாற்றினார்கள். 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பத்திரிகைகளில் அது வெளிவந்து, பலவந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு, வயோதிகர் தனியாக இருக்கும் வீடு, மருத்துவக் கருவியை நம்பி உயிர் வாழ்பவர் இருக்கும் வீடு, கைக்குழந்தை உள்ள வீடு ஆகியவற்றில் பலவந்தம் கூடாது என்று விதி வகுத்தார்கள். அடிபட்ட பிறகு கட்டுப் போட்டார்கள். நாம் கேட்பது, அடிபடுவதற்கு முன்பே விதி வேண்டும் என்பதுதான்.

ரயில்வேயிலும் ஒரு பாடம் உண்டு. 2019-இல் லக்னோவுக்கும் டில்லிக்கும் இடையே விட்ட தேஜஸ் வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால் 250 ரூபாய் பயணிக்குத் தருவோம் என்றார்கள். முடியாத காரியம் அல்ல என்பது அதில் தெரிந்தது. ஆனால் அது வியாபாரத்துக்காகக் கொடுத்த வாக்கு, சட்டம் கொடுத்த உரிமை அல்ல. ஆகவே சில வருடத்தில் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். கம்பெனி தருகிற வாக்கு கம்பெனியோடு போகும். விதியில் ஏறினால்தான் நிற்கும்.

நம் வீடுகளின் நிலை

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம்மில் முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருக்கிறோம். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில், செய்தி போவதும் வீட்டுக்காரர் போனுக்கு. "கையிருப்புக் குறைகிறது" என்ற எச்சரிக்கை அவருக்குப் போகும், இருட்டு நமக்கு வரும். போன் நம் பெயரில் இருந்தாலும் அதை வேலைக்குப் போகிற ஆண்பிள்ளை எடுத்துக்கொண்டு போகிறான். வீட்டில் இருக்கிற அம்மாவுக்குச் செய்தி தெரியாது. தெரிந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் அது இருக்காது.

மலை ஊர்களில் இன்னொரு கஷ்டம். பொன்னாச்சிப் பக்கம், பாலாற்றுப் பக்கம் போனால் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை மேல் ஏற வேண்டியிருக்கிறது. அலை இல்லாத இடத்தில் மீட்டரின் காது கேட்காது. கடைத்தெருவில் பணம் கட்டிவிடலாம், ரசீதும் வந்துவிடும். "பணம் வந்துவிட்டது, கரண்டைக் கொடு" என்ற கட்டளை மீட்டருக்குப் போய்ச் சேர வேண்டுமே!

கிருஹ ஜோதி திட்டம் 2023 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. முந்தைய ஆண்டுச் சராசரியோடு கொஞ்சம் சேர்த்து, மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் அந்த அளவுவரை கட்டணம் கிடையாது. வாடகைக்காரருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் ஒரே மீட்டரில் நான்கைந்து குடும்பம் லைன் வீட்டில் இருந்தால்? மொத்தம் 200-ஐத் தாண்டும், முழு பில்லும் தலையில் விழும். தனித்தனியே பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நூறு யூனிட்கூட ஆகாது. ஆகையால் தனி மீட்டர் கேட்கிற உரிமையும் இந்தப் பிரச்சினையோடு ஒட்டியது. அந்தத் தனி மீட்டரின் விலை ஐயாயிரம் ரூபாய் என்றால், ஏழையின் இலவச மின்சாரம் ஏழையின் கைக்கு எட்டாது.

நாம் கேட்பது

சங்கத்தின் சார்பில் அரசுக்கும் ஆணையத்துக்கும் நாம் வைக்கிற கோரிக்கைகள் இவை.

முதலாவது, மீட்டர் மாட்டுகிற அன்றே பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கும் புதிய மீட்டரின் எண்ணும் எழுதிய சீட்டு, குடியிருப்பவர் கையில் தரப்படவேண்டும்.

இரண்டாவது, முன்பண முறைக்கு யாரையும் பலவந்தப்படுத்தக் கூடாது. முன்பண முறையிலும், கையிருப்புத் தீர்ந்த பிறகு சில நாள் தவணை வேண்டும். ராத்திரியிலும் ஞாயிறு, பண்டிகை நாட்களிலும் துண்டிக்கக்கூடாது. நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் மனிதர் நேரில் வந்து பார்க்காமல் துண்டிக்கவே கூடாது.

மூன்றாவது, பணம் கட்டிய ஒரு மணி நேரத்தில் கரண்ட் திரும்ப வேண்டும். அலை இல்லாத ஊரில் ஆள் வந்து கொடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத ஊரில் முன்பண மீட்டரே மாட்டக்கூடாது.

நான்காவது, வாடகைக்காரர் தன் போன் எண்ணைத் தானே பதிந்துகொள்ள வழி வேண்டும். செய்தி கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, உருது மொழிகளிலும் குரலிலும் வரவேண்டும். காசு வாங்குகிற கவுண்டர் மூடப்படக்கூடாது.

ஐந்தாவது, எத்தனை கம்பெனி வந்தாலும் புகாருக்கு ஒரே வாசல். "மீட்டர் அவருடையது, கம்பி இவருடையது" என்ற பேச்சு நம்மிடம் எடுபடாது. பில் யார் பெயரில் வருகிறதோ அவரே பொறுப்பு.

ஆறாவது, கெடு தவறினால் ஈட்டுத்தொகை, நாம் மனு போடாமலே அடுத்த பில்லில் கழிய வேண்டும்.

இந்த ஆறாவது கோரிக்கைதான் உயிரானது. தூரத்திலிருந்தே கண்காணிக்கக் கூடிய தரநிலைகள் தவறினால் ஈடு தானாகவே தரப்படவேண்டும் என்று 2020 விதியே சொல்கிறது. முன்பு, கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை என்று தப்பித்தார்கள். இப்போது சாட்சி அவர்களுடைய மீட்டரே! எந்த நிமிடம் போனது, எந்த நிமிடம் வந்தது என்று அதுவே எழுதி வைக்கிறது. நம்மிடம் வர வேண்டியதைத் தானாக எடுக்கத் தெரிந்த கருவிக்கு, நமக்குச் சேர வேண்டியதைத் தானாகக் கொடுக்கவும் தெரியும். தெரியாது என்று சொன்னால், அது மீட்டரின் குறை அல்ல, அதை ஆட்டி வைக்கிறவரின் மனக்குறை.

ரீடிங் எடுக்கிற தோழர்களையும் மறக்க வேண்டாம். ஒப்பந்தக் கூலிக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் அவர்கள். அவர்கள் வேலை போவது நமக்கு லாபம் அல்ல. சோதனை மீட்டர் மாட்டவும், அலை இல்லாத ஊரில் இணைப்புக் கொடுக்கவும் அவர்களையே வைத்துக்கொள்ளட்டும்.

நாளை காலையில் என்ன செய்வது?

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மீட்டர் எண்ணை எழுதுங்கள். கரண்ட் போன நேரம், வந்த நேரம் எழுதுங்கள். எட்டாவது படிக்கிற பெண் குழந்தை இதைச் செய்துவிடும். மீட்டர் மாற்ற ஆள் வந்தால், பழைய எண்ணைப் போனில் படம் எடுங்கள். கோளாறு என்றால் 1912-க்குப் போன் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி அதே நோட்டில் குறியுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போன பேச்சு. பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேலே மின் குறைதீர்ப்பாளர் என்று சட்டத்தின் 42-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அங்கே போக வக்கீல் தேவையில்லை. கன்னடத்தில் மனு எழுத நம் சங்கத்தில் ஆள் இருக்கிறார்கள். பில் தப்பு என்றால் ஆறு மாதச் சராசரியை ஆட்சேபத்துடன் கட்டுங்கள். கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். வயரை வளைத்து மீட்டரை ஏமாற்றும் வேலைக்கும் போகாதீர்கள். அது 135-ஆம் பிரிவில் திருட்டு. நம் நியாயம் அத்தனையும் அந்த ஒரு வயரில் எரிந்துபோகும்.

பத்து வீட்டு நோட்டுகள் சேர்ந்தால் அது ஒரு மனு. நூறு வீட்டு நோட்டுகள் சேர்ந்தால் ஆணையத்தின் முன் அது சாட்சியம். கட்டணத்தை மாற்றுவதற்கு முன் ஆணையம் பொது விசாரணை வைக்கிறது. அங்கே ஆலை முதலாளிகளின் சங்கங்கள் கோப்புகளோடு வருகின்றன. நம் நோட்டுகளோடு நாமும் போவோம்.

நண்பர்களே, சிவசமுத்திரத்துக் கம்பி நம் பாட்டன்கள் இறங்கிய சுரங்கத்துக்குப் போயிற்று. சுரங்கத்துக்கு வெளிச்சம் போட்டவர்கள் அவர்கள் குடிசைக்கு வெளிச்சம் போடுவது பற்றி அவசரப்படவில்லை. நாம் அந்த அவசரத்தைக் கேட்கிறோம். பிடுங்குவதற்கு ஒரு நொடி என்றால், திருத்துவதற்கும் நாள் குறித்துச் சொல்லட்டும். அந்த நாள் எழுத்தில் ஏறும் வரை நம் நோட்டை மூடமாட்டோம்.